கன்னியம்மா சொன்னது சொன்னபடி

திண்டிவனம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, விழுப்புரத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கே கடைசிவரை பிடிபடவில்லை. வக்கீலா என்பார்கள்; இல்லை. டைப்பிஸ்டா என்பார்கள், அதுவும் இல்லை. தமிழில் சாட்சி சொன்னதை, வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்னைக்குப் போகும்போது இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பது. அவ்வளவுதான். ஒருவர் அழுதுகொண்டே சொன்னதை இன்னொருவர் அழாமல் படிக்கும்படி செய்கிற வேலை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

போன மாதம் எங்கள் பிரிவிலிருந்து பரிமளா போன் செய்தாள். "மேடம், இப்ப கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துடுது. நாங்க சரி பாக்கறதோட சரி. புதுசா வந்த பசங்க, முன்ன எல்லாம் கையால எப்டி பண்ணாங்கன்னு கேட்டுக்கினே இருக்குதுங்க. நீங்க கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

கையால் என்று அவள் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. அது கையால் செய்த வேலை இல்லை. காதால் செய்த வேலை.

நான் மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிப் பிழைத்தவர்கள். கான்வென்ட் சிஸ்டர்கள் புண்ணியத்தில் இங்கிலீஷ் வந்தது, தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கோர்ட்டுத் தமிழ் ஒரு தனித் தமிழ் என்று தெரிந்துகொண்டேன். வக்கீல் குறுக்கு விசாரணையில் ஒன்றைச் சொல்லி மடக்கப் பார்ப்பார், சாட்சி இல்லை என்பார். பதிவில் அது "நான் பொய் சொல்கிறேன் என்றால் சரியல்ல" என்று வந்து நிற்கும். பக்கம் பக்கமாகச் சரியல்ல, சரியல்ல. சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணயரும்போது, ஏரிகளும் பனைகளும் பின்னால் ஓட ஓட, முகம் தெரியாத யார் யாரோ என் காதுக்குள் சரியல்ல, சரியல்ல என்று முனகிக்கொண்டே வருவார்கள். சாட்சிகளை நாங்கள் பார்ப்பதில்லை. காகிதம்தான் வரும். குரலை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

விழுப்புரத்துக்கு மாற்றலாகி வந்தபோது அங்கே தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ராஜகோபால் சார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு வைத்திருப்பார். மொழிபெயர்த்து முடித்த வழக்குக் கட்டை அவர் முன்னால் உட்கார்ந்து ஒப்பிட்டுப் படித்துக் காட்ட வேண்டும். தமிழில் ஒரு வாக்கியம், பிறகு அதே வாக்கியம் இங்கிலீஷில். நான் ஆரம்பித்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். வலது கை மேஜைமேல் கிடக்கும். பக்கத்தில் சாமந்தி வைத்த ஒரு டம்ளர், தலைக்கு மேல் சோம்பலாகச் சுற்றும் மின்விசிறி, ஓட்டுக்கடியில் குனுகும் புறாக்கள். எங்காவது தப்பு வந்தால் அவர் கட்டைவிரல் மட்டும் மேஜையிலிருந்து எழும்பும். என்ன தப்பென்று சொல்ல மாட்டார். நானே தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினால் விரல் இறங்கும். இல்லாவிட்டால் அந்த விரல் அப்படியே நிற்கும், நானும் நிற்பேன், பிற்பகல் முழுதும் எங்களோடு நிற்கும்.

சில நாள் உண்மையிலேயே தூங்கிவிடுவார். குறட்டைகூட வரும். தப்பித்தோம் என்று வேகமாகப் படித்துக்கொண்டு போனால், திடீரென்று கண்ணைத் திறக்காமலே, "அங்க ஒரு 'கூட' இருந்துச்சே, எங்க போச்சு?" என்பார்.

அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்று. "மேரிம்மா, சாட்சி திக்கினா நீயும் திக்கு. சாட்சி உளறினா நீயும் உளறு. அழகா எழுதறதுக்கு உனக்குச் சம்பளம் இல்ல."

அந்த நாட்களில்தான் கரிமூட்டம் வழக்கு வந்தது. ஏரிக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த இருளர் குடும்பங்கள் சிலவற்றை ஒரு கரி வியாபாரி முன்பணம் கொடுத்து அழைத்துப் போய், கடலோரப் பக்கம் ஒரு தோப்பில் வேலிக்காத்தான் முள்மரம் வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வேலையில் விட்டிருக்கிறான். விட்டவன் திரும்ப அனுப்பவில்லை. அதிகாரிகள் போய் மீட்டு, வழக்காகி, கீழ்க் கோர்ட்டில் தண்டனையாகி, அவன் மேல்முறையீடு செய்திருந்தான். சாட்சிகளில் ஒருத்தி பெயர் கன்னியம்மா.

சாட்சி பேசுவதை எழுத்துத் தமிழாக்கித்தான் பதிவார்கள். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி மட்டும் ஏனோ கன்னியம்மாவின் பேச்சை அவள் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருந்தார். "முன்பணம் குடுத்து இட்டுக்கினு போனாரு. வேலைக்கு வெச்சிக்கினாரு. எம் புருசன் ஊருக்குப் போறேன்னு கேட்டாரு. அனுப்பல, வெச்சிக்கினாரு. வவுத்துல கொயந்தையோட இருந்தேன், அப்பவும் அங்கியே வெச்சிக்கினாரு." எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டிருக்கிறார், வேலைக்குத்தானே வைத்துக்கொண்டார் என்று. அதற்கும் அவள், "ஆமாங்க, வெச்சிக்கினாரு" என்றே சொல்லியிருந்தாள். நடுவில் ஒரு வரி: சாட்சி குழந்தைக்குப் பால் கொடுப்பதற்காக விசாரணை சற்று நேரம் நிறுத்தப்பட்டது.

அந்த வரியை மொழிபெயர்த்தபோது என் அறையும் ஒரு கணம் அடங்கிப்போனது போல் இருந்தது. வக்கீல்கள், டவாலி, கூண்டில் நிற்கும் வியாபாரி, எல்லோரும் ஒரு குழந்தை பால் குடித்து முடிக்கக் காத்திருக்கிறார்கள்.

சார் முன்னால் உட்கார்ந்து படித்தேன். முதல் 'வெச்சிக்கினாரு' வந்த இடத்தில் 'எம்ப்ளாய்டு' என்று போட்டிருந்தேன், வேலைக்கு அமர்த்தினார் என்ற பொருளில். விரல் எழும்பியது. இரண்டாவது இடத்தில் 'டீட்டெயின்டு', தடுத்து வைத்தார் என்ற பொருளில். விரல் இறங்கவே இல்லை.

"அவ எத்தன வார்த்த சொன்னா?"

"ஒன்னு சார்."

"நீ ஏன் ரெண்டு சொல்ற?"

நான் அப்போது சின்னப் பெண் இல்லை. வாதாடினேன். "சார், இங்கிலீஷ்ல அது ரெண்டும் வேற வேற. ஒன்னு வேல, இன்னொன்னு சிறை. பிரிச்சுக் குடுக்கலன்னா மேல இருக்கற ஜட்ஜுக்கு எப்டிப் புரியும்?"

அவர் கண்ணைத் திறந்தார். அது அபூர்வம். "அவளுக்கு அது ரெண்டும் ஒன்னா இருந்திருக்குதும்மா. வேலையே சிறையா இருந்திருக்குது. அதத்தான் ஜட்ஜு பாக்கணும். நீ பிரிச்சுக் குடுத்துட்டா அவரு எத்தப் பாப்பாரு?"

கடைசியில் 'கெப்ட்' என்ற சாதாரணச் சொல்லையே எல்லா இடத்திலும் போட்டேன். வைத்துக்கொண்டார், வைத்துக்கொண்டார், வைத்துக்கொண்டார். படித்து முடித்தபோது விரல் எழும்பவில்லை. கட்டு சென்னைக்குப் போனது. போன கட்டின் கதி எங்களுக்குத் தெரிவதில்லை. ராஜகோபால் சார் ஓய்வு பெற்றார், சில வருடங்களில் போயும் சேர்ந்தார். நானும் நூறு குரல்களுக்கு நடுவே கன்னியம்மாவை மறந்தேன் என்று நினைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மயிலத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெள்ளைச் சுடிதார், தோளில் கறுப்புக் கோட்டு, வேர்த்த முகம். உள்ளே அழைத்து மோர் கொடுத்தேன்.

"மேடம், எம் பேரு சந்தியா. லா முடிச்சுட்டு திண்டிவனத்துல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன். எங்கம்மாவ உங்களுக்குத் தெரியும். நேர்ல பாத்திருக்க மாட்டீங்க. கரிமூட்டம் கேசு, கன்னியம்மா."

விசாரணையை நிறுத்திவைத்த அந்தக் குழந்தை என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தது.

மேல்முறையீட்டில் தண்டனை உறுதியானது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்லூரியில் படிக்கும்போது அந்த வழக்கைத் தேடி எடுத்துப் படித்திருக்கிறாள். "இங்கிலீஷ்ல இருந்துச்சு மேடம். ஆனா எங்கம்மா பேசற மாதிரியே இருந்துச்சு. அத பண்ணது யாருன்னு அப்பவே விசாரிச்சு வெச்சிருந்தேன்" என்றாள்.

அவள் வந்த காரியம் இது. வெளிநாட்டில், ஏரிகள் உறைந்துபோகிற ஒரு வடக்குத் தேசத்தில், பழங்குடி மக்களின் சட்டமும் உரிமைகளும் என்று ஒரு மேற்படிப்பு இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலும் பழங்குடியில் பிறந்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, போய்வரும் செலவு எல்லாம் உதவித்தொகையிலேயே அடங்கிவிடும். சந்தியா கடைசிச் சுற்றுவரை வந்திருந்தாள்.

"இங்க காட்டுல இருக்கறவங்களுக்கு வன உரிமைச் சட்டம் இருக்குது. நாங்க காட்டுல இல்ல, ஏரிக்கரையில இருக்கோம். வீட்டுமனைப் பட்டா கேட்டா ஏரிப் புறம்போக்குன்றாங்க. சாதிச் சான்று கேட்டா பாம்பு புடிப்பியான்றாங்க. காடு இல்லாத பழங்குடிக்கு எந்தச் சட்டம்? இங்க யாரக் கேட்டாலும் தெரியல மேடம். அங்க அதத்தான் பாடமா வெச்சிருக்காங்க."

கடைசிச் சுற்றில் ஒரு விதி இருந்தது. விண்ணப்பித்தவரின் இன மக்களில் ஒருவரோடு தேர்வுக் குழு வீடியோவில் நேரடியாகப் பேச வேண்டும், அவருடைய மொழியிலேயே. நடுவில் இருந்து மொழிபெயர்க்க, அந்தக் குடும்பத்தைச் சேராத, தகுதியுள்ள ஒருவர் வேண்டும்.

"ஊர்ல யாரும் கேமரா முன்னாடி உக்கார மாட்டேன்னுட்டாங்க. எங்கம்மா ஒருத்திதான் கோர்ட்டுலயே பேசினவ. நீங்கதான் வரணும் மேடம்."

ஒப்புக்கொண்டேன்.

பேச்சு ஒரு சாயங்காலம், திண்டிவனத்தில், அவளுடைய சீனியர் வக்கீலின் மாடி அறையில். கீழே மல்லாட்டை மண்டி. பச்சை மல்லாட்டையின் மண் வாசனை படியேறி வந்து அறை முழுக்கப் பரவியிருந்தது. மழை வரப்போகிற வெளிச்சம். தெருவே மஞ்சள் கண்ணாடிக்குள் இருப்பது போல மெதுவாக நடந்துகொண்டிருந்தது.

கன்னியம்மா உள்ளே வந்து, "வர்றேங்க" என்றாள். நான் அவளுக்குப் போட்டிருந்த குரல் மெல்லியது, நடுங்குவது. இது கரகரப்பான, தாழ்ந்த குரல். கரிப்புகையில் வருடக்கணக்கில் ஊறிய குரல். எத்தனையோ பஸ் பயணங்களில் என் காதுக்குள் பேசியவள், எலும்பும் தோலுமாக, மூக்குத்தி மின்ன, எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"நீதான் என் பேச்ச எழுதினவளாமே?"

"ஆமாங்க."

"நீ கறுப்பா இருப்பேன்னு நெனச்சேன். அப்டிதான் இருக்குற" என்று சிரித்தாள்.

மடிக்கணினித் திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவர் வயதான அம்மாள். நரைத்த முடியை இரட்டைப் பின்னலாகப் போட்டிருந்தார். அவரும் அந்த நாட்டுப் பழங்குடிதான் என்று சந்தியா சொல்லியிருந்தாள். அங்கே காலை நேரம். அவர் பின்னாலிருந்த ஜன்னலில் வெளிச்சம் பால் மாதிரி இருந்தது.

முதல் கேள்விகள் எளிதாகப் போயின. உங்கள் மக்களை நீங்கள் எப்படி அழைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"எங்கள நாங்க இன்னாத்துக்குக் கூப்பிடப் போறோம்? மத்தவங்கதான் இருளருன்னு கூப்பிடுவாங்க" என்றாள் கன்னியம்மா. அதை அப்படியே சொன்னேன். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு குழுவில் இளையவர் ஒருவர், உதவித்தொகையில் என்னென்ன அடக்கம் என்று கன்னியம்மாவுக்கு விளக்கச் சொன்னார். நான் தமிழில் விளக்கினேன். பயணச் செலவு முன்னாலேயே வரும். தங்க இடம் கொடுப்பார்கள். சாப்பாட்டுக்குப் பார்த்துக்கொள்வார்கள். சொல்லச் சொல்லக் கன்னியம்மாவின் முகம் கல்லாகிக்கொண்டே வந்தது. உங்கள் மகளை அனுப்ப உங்களுக்குச் சம்மதமா என்று கடைசியாகக் கேட்டார்கள்.

கீழே மண்டியில் யாரோ மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது.

"இதேதாம்மா அந்தாளும் சொன்னான்" என்றாள். "முன்பணம் குடுக்கறேன், இருக்க எடம் குடுக்கறேன், சோறு போடறேன்னான். நம்பிப் போனோம். போனவங்கள அனுப்பல. இவங்களும் அதத்தான் சொல்றாங்க. எம் பொண்ண இவங்க படிக்க வெச்சி அனுப்புவாங்களா, இல்ல, வெச்சிக்குவாங்களா? கேளு."

சந்தியா என் முழங்கையைப் பிடித்தாள். "மேடம், வாணாம். அத சொல்லாதீங்க. சந்தோசமா அனுப்பறேன்னு சொல்றாங்கன்னு சொல்லிடுங்க. நான் அப்பறம் அம்மாகிட்ட பேசிக்கறேன். ப்ளீஸ் மேடம்."

திரையில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். இந்தப் பெண் ஏரிக்கரையிலிருந்து இந்த நாற்காலிவரை வந்த தூரம் எனக்குத் தெரியும். என் அப்பா அம்மா மல்லாட்டைக் கொல்லையிலிருந்து எனக்கு அந்தத் தூரத்தில் பாதியாவது இருந்தது. ஒரு வாக்கியம். அதை மாற்றிச் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கன்னியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான் மட்டும்தான்.

ஆனால் கன்னியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூண்டில் நின்றபோதும் நீதிபதியை இப்படித்தான் பார்த்திருப்பாள்.

நான் சொன்னேன். முன்பணத்தை, சோற்றை, தோப்பை, அனுப்பாததை. வெச்சிக்குவாங்களா என்ற இடத்தில் அதே பழைய சொல்லையே போட்டேன். சந்தியா என் கையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இரட்டைப் பின்னல் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பேச ஆரம்பித்தபோது மெதுவாக, இடைவெளி விட்டுவிட்டுப் பேசினார். வாழ்நாளெல்லாம் தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போனவள் நான். இப்போது எதிர்த்திசையில், இந்த ஒருத்திக்குப் புரியும் தமிழில் வர வேண்டியிருந்தது. கோர்ட்டுத் தமிழ் உதவவில்லை. காலனியில் என் அம்மா பேசிய தமிழ்தான் வந்தது.

"அவங்க அம்மாவையும் சின்ன வயசுல பள்ளிக்கூடம்னு சொல்லி இட்டுக்கினு போனாங்களாம். வேற பாஷ பேசறவங்க வந்து இட்டுக்கினு போனாங்களாம். நல்லதுக்குத்தான்னு சொன்னாங்களாம். வருசக் கணக்கா வெச்சிக்கினாங்களாம். திரும்பி வந்தப்ப பெத்தவங்க பேசறது அந்தப் பொண்ணுக்குப் புரியலையாம். அதனால நீங்க கேட்டது தப்பில்லன்றாங்க. உங்க பொண்ண வெச்சிக்க மாட்டோம், திரும்பி வர்ற டிக்கெட்ட மொதல்லயே எடுத்துக் குடுக்கறோம், நடுவுல ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவட்டும்ன்றாங்க."

உடனே அந்த இளையவர் குறுக்கிட்டார். நடுவில் ஊருக்கு வந்துபோக விதியில் இடமில்லை, அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அதையும் சொன்னேன். பின்னல் அம்மாள், நான் பார்க்கிறேன் என்றார். அதையும் சொன்னேன்.

"பாக்கறேன்னு சொன்னவங்கள நெறைய பாத்துட்டேன்" என்றாள் கன்னியம்மா.

அதையும் சொன்னேன். திரையில் யாரும் சிரிக்கவில்லை. நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

பஸ் நிலையம்வரை மூவரும் தூறலில் நடந்தோம். கன்னியம்மா முன்னால் போய்விட்டாள். சந்தியா என்னிடம் திரும்பாமலே சொன்னாள்: "ஒரு வார்த்த மேடம். ஒரே ஒரு வார்த்தைய நீங்க வுட்டிருக்கலாம்."

அவர்கள் ஏரிக்கரை இருக்கிற பிரம்மதேசம் பக்கம் போகிற பஸ்ஸில் இருவரும் ஏறிப் போனார்கள். அம்மா ஒரு ஜன்னல், மகள் வேறு ஜன்னல்.

அடுத்து வந்த வாரங்களை நான் ஏதோ தண்ணீருக்கடியில் இருந்தது போலத்தான் கழித்தேன். மலைக்கோயில் மணி அடிப்பது கேட்கும், எதற்கென்று தோன்றாது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் கட்டைவிரலுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனா? கோர்ட்டில் இருந்தவரை அந்த விதிக்கு ஒரு மேஜை இருந்தது, முத்திரை இருந்தது, சம்பளம் இருந்தது. இப்போது நான் வெறும் மேரி. வெறும் மேரியாக இருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? ஆனா நீ பொய் சொல்லியிருந்தா இத வுட அதிகமா புலம்பிக்கினு இருந்திருப்ப" என்றார்.

ஒரு நாள் காலையில் அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். கன்னியம்மா கையில் ஒரு பை கேப்பை மாவு. சந்தியாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கெடைச்சிடுச்சு மேடம்" என்றாள். திரும்பும் டிக்கெட் முதலிலேயே உண்டு, நடுவில் ஒருமுறை ஊருக்கு வரவும் செலவு உண்டு. அந்தப் பின்னல் அம்மாள் குழுவோடு மல்லுக்கட்டி விதியில் சேர்த்துவிட்டாராம். இவளுக்கு மட்டுமல்ல, இனி வருகிற எல்லோருக்கும். அதைச் சொல்லிவிட்டு அவள் குரலைத் தணித்தாள். "ஆனா அம்மா இன்னும் சரின்னு சொல்லல. உங்கள பாக்கணும்னு சொன்னாங்க. அதான் இட்டுக்கினு வந்தேன்."

கன்னியம்மா என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. நானும் கீழே உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நான் சொன்னத அப்டியே சொன்னியா?"

"அப்டியேதான் சொன்னேன்."

"இவ வாணான்னு உன் கையப் புடிச்சாளே, நான் பாத்தேன். அப்பவும் சொன்னியா?"

"அப்பவும் சொன்னேன்."

"அந்தம்மா சொன்னதயும் எனக்கு அப்டியே சொன்னியா? ஒன்னும் சேக்கல, ஒன்னும் கொறைக்கல?"

"இல்லம்மா."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தாள். எழுத்துத் தெரியாதவர்கள் முகத்தைப் படிப்பது போல யாரும் படிக்க முடியாது. பிறகு கேப்பை மாவுப் பையை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப சரி. போவட்டும்."

சந்தியா அழுதாள். அழுதுகொண்டே மாவுப் பையை எடுத்து என் மடியில் வைத்தாள். நான் அன்று மாற்றிச் சொல்லியிருந்தால் குழு ஒருவேளை இன்னும் சுலபமாகச் சரி என்றிருக்கும். ஆனால் இந்தத் தரையில் உட்கார்ந்து கன்னியம்மா கேட்ட கேள்விக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்?

சந்தியா போனாள். நடுவில் ஒருமுறை வந்து, ஏரிக்கரையில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். படிப்பு முடிந்து வருகிற நாளில் கன்னியம்மா என்னையும் திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். சென்னையிலிருந்து வரும் பஸ் சாயங்காலம்தான். அவள் காலையிலேயே வந்து காத்திருந்தாள். மழை விட்ட நேரம். ஈரத் தார்ச்சாலையில் பஸ்களின் விளக்குகள் நீண்டு நெளிந்தன. வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸும் தண்ணீரிலிருந்து எழுந்து வருவது போல இருந்தது.

சந்தியா இறங்கினாள். கன்னியம்மா ஓடவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. மகளின் காலைப் பார்த்தாள். "இன்னாடி, காலு இப்டி வெளுத்துப் போச்சு" என்றாள். பிறகு கன்னத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள், எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி.

பின்பு என்னிடம் திரும்பினாள். "அந்தம்மாவுக்குப் போனு போடச் சொல்லு. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாங்க. நான் சொல்லணும்."

டீக்கடை ஓரத்தில் நின்றுகொண்டு சந்தியா போட்டாள். போனின் சின்னத் திரையில் அந்த இரட்டைப் பின்னல் வந்தது. பின்னால் அதே ஜன்னல், அதே பால் வெளிச்சம். கன்னியம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு வந்து சேந்துட்டா. எங்கிட்ட இருந்து இட்டுக்கினு போன மாதிரியே அனுப்பிட்டீங்க. நல்லா இருங்க" என்றாள். நான் சொன்னேன். அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பேச்சு முடிந்ததென்று சந்தியா கையை நீட்டினாள். கன்னியம்மா போனைக் கொடுக்கவில்லை.

"இன்னொன்னு கேளு" என்றாள் என்னிடம். "எங்க கரையில இன்னொரு பொண்ணு இருக்குது. பன்னண்டாவது முடிச்சுட்டு லாதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. அவ ஆத்தா பயப்படறா. நான் பேசிக்கறேன். இங்க படிச்சு முடிச்சதும் அனுப்பட்டுமான்னு கேளு."

சந்தியா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு தடவை ஆரம்பித்து, திக்கித்தான் சொல்லி முடித்தேன். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று அந்த அம்மாள் கேட்டார்.

கன்னியம்மா போனை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ரோஜா" என்றாள். "குளுரு தாங்குவா."